எண்ணெய் குடிக்காத வாள்

“சாவுகதுக்கு முந்தின நாள் அவரு அந்த வாளைப் புகழ்ந்து புகழ்ந்து பேசினாரு” என்றாள் எலிசா. “நல்ல வாளு எலிசா, மூணு நாளா ஓடுது, ஒரு பொட்டு எண்ணெய் குடிக்கல்லன்னு பறைஞ்சாரு.”

அதுவரை மேசைமேல் கிடந்த போலீஸ் அறிக்கையின் நகலையே பார்த்துக்கொண்டிருந்த பகவதியப்பன் சட்டென்று நிமிர்ந்தார்.

“எந்த எண்ணெய்? பெட்ரோலா?”

“பெட்ரோலு குடிக்கும். சங்கிலி சூடாவாம இருக்க வேற ஒரு எண்ணெய் ஊத்துவாங்கல்லா, அது. திங்கக்கிழமை காலத்த நிறைச்சதாம். புதன்கிழமை சாயங்காலமும் அப்படியே இருந்துதாம்.”

“குடிக்காத ஆம்பிளையையே எங்க கடியப்பட்டணத்துல நான் கண்டதில்ல. குடிக்காத மிசினா!” என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரர் வேளாங்கண்ணி. வயது நாற்பத்தாறு. இருபது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து, ஒரு தாசில்தாருக்கே டிக்கெட் கொடுத்துக் காசு கேட்டதற்காக வேலையை இழந்தவர். அந்த வாயை வீணாக்க வேண்டாம் என்று பகவதியப்பன் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். பகவதியப்பனும் பத்மநாபபுரம் கோர்ட்டில் பதினோரு வருடம் குமாஸ்தாவாக இருந்து, பொய்ச் சாட்சிகளை எழுதி எழுதிக் கை சலித்துப்போய், நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே அறை பிடித்துத் துப்பறிய உட்கார்ந்தவர்தான்.

எலிசா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பத்து நாளைக்கு முன் வழக்கை ஒப்படைத்தவள், விவரம் கேட்க அன்று மறுபடியும் குலசேகரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். அவள் கணவன் சத்தியநேசன் மரத்தடி அறுக்கிறவன். கைவாளில் அவனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. ரப்பர் போடுவதற்காக மலையில் காடு வெட்டும் வேலையைக் குத்தகை எடுத்த வைகுண்டராஜன், மார்த்தாண்டத்தில் சுந்தரராஜ் கடையில் ஒரு எந்திர வாள் வாங்கி அவன் கையில் கொடுத்தார். நான்காம் நாள் சங்கிலி அறுந்து தெறித்தது. கழுத்தில் பட்டது. லாரியில் வீட்டுக்கு வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

அறிக்கையில் ஒரே வரிதான் முடிவாக எழுதியிருந்தது: ‘அறுப்பவரின் கவனக்குறைவு.’

“எனக்க மாப்பிளைக்குக் கவனமில்லன்னு எழுதி வச்சிருக்காங்க” என்றாள் எலிசா. “பதினேழு வருசம் அறுத்தாரு. ஒரு விரலு போனதில்ல. துக்கம் ஆறணும்னா நான் சர்ச்சுக்குப் போவேன் சாரே. இஞ்ச வந்தது அதுக்கில்ல. செய்தது ஆருன்னு கண்டுபிடிச்சுப் பறையுங்க. பின்னே நான் பாத்துக்கிடுவேன்.”

அவள் அதைச் சொன்ன விதம் பகவதியப்பனுக்குப் பிடிக்கவில்லை. சத்தமே போடாமல், விலாசம் கேட்கிறவளைப்போலச் சொன்னாள்.

அவர் அலமாரியிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து விரித்தார். பைசன் கம்பெனி வாட்களின் விலைப்பட்டியல். போன வாரமே திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்திருந்தார். ஒரு பக்கத்தில் இரண்டு படங்கள். ஒன்றின் கீழே பத்தாம் நம்பர், மற்றதன் கீழே பன்னிரண்டாம் நம்பர்.

“ரெண்டும் ஒண்ணுதானே சாரே?” என்றார் வேளாங்கண்ணி. “ஒரே படத்தை ரெண்டு தடவை அச்சடிச்சுக் காசு பிடுங்கியிருக்கானுவ.”

“உருவம் ஒண்ணுதான் வே. கைப்பிடி பக்கத்துல பித்தளைப் பொத்தான் ரெண்டுலயும் உண்டு. பத்துல அந்தப் பொத்தானைப் பெருவிரலால அடிக்கடி அமுக்கணும். அமுக்கினாத்தான் சங்கிலிக்கு எண்ணெய் இறங்கும். பன்னிரண்டு புது மாதிரி. உள்ளே ஒரு பம்பு இருக்கு. எண்ணெய் தானே இறங்கும். பொத்தான் சும்மா ஒரு உதவிக்கு.”

எலிசா படத்தையே பார்த்தாள். “வாங்கினது பன்னெண்டு. அவரு பலதடவை பறைஞ்சாரு. பொத்தானைத் தொடவே வேண்டாமுன்னு கடையில சொன்னாங்களாம்.”

“வைகுண்டராஜனிடம் ரசீதைப் பார்த்தேன். ‘புதிய பைசன் பன்னிரண்டு’ன்னுதான் இருக்கு. ஆனா பன்னிரண்டா இருந்தா மூணு நாளைக்குள்ள ஆறு தடவை எண்ணெய் நிறைச்சிருக்கணும். குறையவே இல்லைன்னா…”

“அது பத்து” என்றாள் எலிசா.

“பத்துதான். யாரோ பழைய பத்துக்குப் பெயின்ட் அடிச்சு, பன்னிரண்டு தகட்டை ஒட்டி, புதுசுன்னு கொடுத்திருக்கான். பொத்தானை அமுக்கணும்னு சொன்னா பத்துன்னு வெளியே தெரிஞ்சிரும். அதனால அமுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கான். சங்கிலி நாலு நாள் வறண்டு ஓடி அறுந்திருக்கு.”

 

“குத்தகைக்காரரும் கூட்டா இருக்குமோ?” என்று கேட்டார் வேளாங்கண்ணி.

“சங்கிலி தெறிச்சப்போ வைகுண்டராஜன் நாலடி தள்ளி நின்னிருக்காரு. இடது காதுல பாதி போச்சு. அது பத்துன்னு தெரிஞ்ச மனுசன் அங்க போய் நிப்பானா வே? மிச்சம் ரெண்டு பேரு. கடைக்காரன் சுந்தரராஜ், அவன் மகன் தங்கையன். வாளை விற்றதும் ஓட்டிக் காட்டினதும் அந்த ரெண்டு பேருதான். அது பத்துன்னு தெரிஞ்சு கொடுத்தது எவன்? அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

“அந்த வாளு இப்போ எங்க?” என்றாள் எலிசா.

பகவதியப்பன் விலைப்பட்டியலை மூடினார்.

“வைகுண்டராஜன், அது இனி தன் கண்ணுல படக் கூடாதுன்னு கடைக்கே திருப்பிக் கொடுத்துட்டாரு. இப்போ அது விற்பனைக்கு நிக்குது.”

எலிசா எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். “நானும் வருவேன்.”

---

மார்த்தாண்டத்தில் அன்று சந்தை நாள். கடைக்கு முன்னால் கருப்பட்டி மூட்டைகளும் மரவள்ளிக்கிழங்கும் குவிந்து கிடந்தன. பகவதியப்பன் முன்னால் போனார், ஒரு தோட்டத்துக் காரியஸ்தராக. எலிசா கசவுச் சரிகைக் கரை போட்ட இரவல் சேலையில் தோட்டத்து முதலாளியம்மா. வேளாங்கண்ணி தலைப்பாகை கட்டிய கங்காணி.

“எனக்கு மட்டும் ஏன் சாரே எப்பவும் கூலி வேசம்?” என்று படியேறும்போது முணுமுணுத்தார்.

“உம்ம வயித்துக்கு வேற எதுவும் பொருந்தாது. வாயை மூடும்.”

சுந்தரராஜுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை ஜிப்பா, தங்கப் பல், தேன் ஒழுகும் பேச்சு. எலிசாவுக்கு நாற்காலி போட்டுத் துண்டால் தட்டிவிட்டார். மகன் தங்கையன் இருபத்தைந்து வயது வாலிபன். கை முழுக்கக் கிரீஸ். வாட்களைத் தொழுவத்து மாடுகளைப்போலத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

மேசைமேல் இரண்டு வாட்கள், பச்சைப் பெயின்ட் பளபளக்க, பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் பன்னிரண்டு என்ற தகடு. ஒன்றில் நூலில் கட்டிய அட்டையில் ‘புதியது’ என்றும், மற்றதில் ‘பழையது’ என்றும் எழுதியிருந்தது.

“அட்டையை எடுத்துட்டா எது புதுசு எது பழசுன்னு உங்களால சொல்ல முடியுமா?” என்று சுந்தரராஜ் பெருமையோடு கேட்டார். “ஒரு பாதிரியாருக்க தோட்டத்துல மூணு நாளு ஓடினது. அவரு மாறிப் போனாரு, திருப்பித் தந்துட்டாரு. விலை பாதிதான்.”

எலிசா எழுந்து வந்து பழைய வாளின் கைப்பிடிக்கு அடியில் விரலை ஓட்டினாள். சத்தியநேசன் ஆணியால் கீறிய ‘ச.நே.’ என்ற இரண்டு எழுத்தும் அங்கே பெயின்டுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்பட்டன. அவள் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. விரலை மட்டும் எடுக்கவில்லை.

“அந்தப் பாதிரியாருக்கு ஒண்ணும் ஆவல்லியே?” என்றாள்.

“நல்ல சொகமா இருக்காரு அம்மா!”

பகவதியப்பன் குறுக்கே புகுந்தார். “பத்தாம் நம்பருன்னு ஒண்ணு உண்டாமே? அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“ஐயோ, அந்தப் பேச்சே எடுக்காதீங்க! பத்து பழைய சாதனம். பெருவிரலு தேயத் தேயப் பொத்தானை அமுக்கணும். ஒரு நாளு மறந்தா தீந்துது. பன்னெண்டுல பொத்தானைத் தொடவே வேண்டாம்.”

“தொடவே வேண்டாம்” என்று தங்கையனும் சிரித்தபடி சொன்னான். “வாங்குக ஆளுகள்ட்ட எல்லாம் நான் இதைத்தான் சொல்லுகது.”

வேளாங்கண்ணி இரண்டு வாட்களையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். இருபது வருடம் பஸ் கூரையில் மூட்டை ஏற்றிய கை அது.

“முதலாளி, பழசு ஒரு சின்னச் சக்கைப்பழ எடை குறையுதே. ஓடி ஓடி இளைச்சுப் போச்சோ?”

பம்பு இல்லாத வாள் எடை குறையத்தானே செய்யும்? பகவதியப்பன் சுந்தரராஜைப் பார்த்தார். தங்கப் பல் ஒரு கணம் மறைந்து மீண்டும் வெளியே வந்தது.

“புதுசுல கிரீஸ் நிறைய உண்டு, அதான்.”

தங்கையன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அது எதையும் நிரூபிக்காது. தெரியாதவன் முகமும், தெரிந்தும் துணிந்தவன் முகமும் சில நேரம் ஒன்றுபோலவே இருக்கும். கோர்ட்டில் அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

அப்போதுதான் எலிசா பேசினாள். இதைப் பற்றி வழியில் ஒரு வார்த்தையும் அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“பழசே போதும். ஆனா ஓட்டிக் காட்டணும். அந்தப் புளியந்தடி முழுக்க அறுபடணும்.” கடை வாசலில் கிடந்த கட்டையைக் காட்டினாள். பிறகு சுந்தரராஜின் கண்ணை நேராகப் பார்த்தாள். “உங்க மகனே ஓட்டட்டும்.”

“எனக்கு அதுதான் வேலை” என்று தங்கையன் உற்சாகமாகத் தடியைப் புரட்டிச் சரிசெய்ய வெளியே ஓடினான்.

“லேய், நில்லு… பெட்ரோலு இருக்கோ என்னவோ…”

“உள்ள ஒரு டின் இருக்குல்லா அப்பா!”

சுந்தரராஜ் வேறு வழியில்லாமல் உள்ளே போனார். பகவதியப்பன் வேளாங்கண்ணியை ஒரு பார்வை பார்த்தார். “அந்த வாளைத் தூக்கி வெளியே வையும் வே” என்றார். எலிசா தடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

---

எந்திர வாள் ஓடப் போகிறது என்றதும் சந்தையில் பாதி கடை வாசலுக்கு வந்துவிட்டது. தொட்டியில் எண்ணெயை விளிம்புவரை நிறைக்கச் சொல்லி, எல்லோருக்கும் தெரியும்படி பகவதியப்பன் அதை எட்டிப் பார்த்தார். ‘பழையது’ என்ற அட்டை காற்றில் ஆடியது. தங்கையன் கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பில் வாள் உறுமியது.

புளியந்தடி இரும்பு மாதிரி. பல் கடித்ததும் தூள் பறந்தது. நீலப் புகை கிளம்பியது.

“போதும் மக்கா!” என்றார் சுந்தரராஜ், அரை நிமிடத்துக்குள்.

“இன்னும் தொலியே அறுபடல்ல” என்றாள் எலிசா.

தடி கால்வாசி அறுபட்டது. சுந்தரராஜ் ஜிப்பாக் கையால் நெற்றியைத் துடைத்தார். “தங்கையா, அந்தப் பொத்தானைக் கொஞ்சம் அமுக்கிக்கோ!”

“இது பன்னெண்டுல்லா அப்பா!” மகன் சத்தத்துக்கு மேல் கத்தினான். “தானே இறங்கும்!”

“சும்மா ஒரு அமுக்கு அமுக்குலே!”

“நீங்கதானே தொடவே வேண்டாம்னு சொன்னீங்க முதலாளி?” என்றார் பகவதியப்பன்.

 சுந்தரராஜின் கண் சங்கிலியைவிட்டு நகரவில்லை. அறுந்துபோன சங்கிலியில் புதுக் கண்ணி வைத்து அடித்தவர் அவரேதான். எந்த இடத்தில் ஒட்டு இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். மகனின் கழுத்து அந்தச் சங்கிலிக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது.

எலிசா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்: “எனக்க மாப்பிளைக்கு நாலு நாளு ஆச்சு. உங்க மகனுக்கு எவ்வளவு நேரம் ஆவும்னு பாப்போம்.”

சுந்தரராஜ் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் யார் என்று அந்த நொடியில் அவருக்குப் புரிந்தது.

“நிறுத்துலே! மோனே, நிறுத்து!” கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினார். “அது பத்துலே! பன்னெண்டு இல்ல, பத்து! எண்ணெய் இறங்காது! செயின் அறுந்து உன்னையும் கொன்னு போடும்லே!”

மகன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தூளில் விழுந்தார். வாள் இரண்டு முறை விக்கி நின்றது. 

“உன்னையும்னா?” என்றான் தங்கையன், கீழே கிடந்தபடியே. “வேற ஆரை அப்பா?”

பகவதியப்பன் வாளைத் தூக்கி நிமிர்த்தி, எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து கூட்டத்துக்குக் காட்டினார். விளிம்புவரை இருந்த எண்ணெய் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது.

“பயப்படாதீங்க சுந்தரராஜ். இது பன்னிரண்டுதான். உங்க புது வாள். எண்ணெய் நல்லா குடிச்சிருக்கு. உங்க மகனுக்கு எதுவும் ஆகியிருக்காது.”

சுந்தரராஜ் விழித்தார். அட்டையைப் பார்த்தார்.

“நீங்க தகட்டை மாத்தினீங்க முதலாளி” என்றார் வேளாங்கண்ணி, தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு. “நான் அட்டையை மாத்தினேன். உங்க பெயின்ட் வேலை அவ்வளவு நேர்த்தி. உங்களுக்கே வித்தியாசம் தெரியல்ல பாத்தியளா?”

உள்ளே மேசைமேல் ‘புதியது’ என்ற அட்டையோடு இருந்த வாளை அவரே தூக்கிவந்து கைப்பிடியின் அடியைத் திருப்பிக் காட்டினார். தங்கையன் எழுந்து வந்து அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தான்.

“ச… நே…” என்று வாசித்தான். “குலசேகரத்துச் சத்தியநேசன். இது பாதிரியாருக்க வாளு இல்லியா? மலையில செத்துப்போன ஆளுக்கதா?” அவன் அப்பாவிடம் திரும்பினான். “அவருக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நான்தானே அப்பா. பொத்தானைத் தொடாண்டாம், அண்ணாச்சி, கை வலிக்கும்னு சொல்லி, அவரு விரலை எடுத்து விட்டதும் நான்தானே. நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தே?”

“கடைக்காகத்தான் மோனே… உனக்காகத்தான்…”

“எனக்காகவா?”

எலிசா வேளாங்கண்ணியைப் பார்க்கவில்லை. பகவதியப்பனிடம் திரும்பினாள். கண்கள் எரிந்தன.

“என்னிட்ட பறையாம மாத்திட்டீங்க.”

“சொல்லியிருந்தா மாத்த விட்டிருப்பீங்களா?”

 “இல்ல” என்றாள். “விட்டிருக்க மாட்டேன்.”

அதைக் கேட்டதும் தங்கையன் அவள் யார் என்று தெரிந்துகொண்டான். அவள் முன்னால் வந்து நின்றான்.  பிறகு ‘ச.நே.’ கீறிய வாளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

“போலீஸ் ஸ்டேசனுக்கு வாங்க அக்கா. அவருக்குக் கவனமில்லன்னு எழுதினதை மாத்தணும். நான் என்ன சொன்னேன், ஆரு சொல்லித் தந்து சொன்னேன், எல்லாம் நானே எழுதித் தருவேன்.”

“தங்கையா!” சுந்தரராஜ் மண்டியிட்டபடியே கூப்பிட்டார். ஜிப்பா முழுக்க மரத்தூள். “மோனே, அப்பாவை விட்டுட்டுப் போவாதே. ஒரு தடவை திரும்பிப் பாருலே!”

தங்கையன் கூட்டம் விலகிக் கொடுத்த வழியில் நடந்தான். திரும்பவில்லை. பகவதியப்பன் அவன் பின்னால் போனார். வேளாங்கண்ணி தோளில் கிடந்த தலைப்பாகைத் துணியை மடித்துக்கொண்டு அவர்களோடு நடந்தார். 

சுந்தரராஜ் எலிசாவின் சேலை முனையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, அவனை நிறுத்தச் சொல்லு. என்னைத் தூக்குல போடட்டும். எனக்க பிள்ளை என்னை ஒரு தடவை திரும்பிப் பாத்தாப் போதும்.”

எலிசா குனிந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகச் சேலையிலிருந்து விலக்கினாள்.

“லாரியில இருந்து இறக்கினப்போ நானும் இப்படித்தான் கூப்பிட்டேன்” என்றாள். “அவரும் திரும்பிப் பாக்கல்ல.”